சும்மா இருக்கத் தெரியாத கேமரா: பழைய போனை வெப்கேமாக வைத்து மிருதங்கம் சொல்லிக்கொடுத்த அனுபவம்

பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கிக்கொண்டு நின்ற போனுக்கு, கும்பகோணத்தில் ஒரு கடையில் புது பேட்டரி போட்டு வாங்கி வந்த கையோடு இதை எழுதுகிறேன். அந்தப் போனில் சிம் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் எடுக்கிற மிருதங்க வகுப்பில், லேப்டாப்போடு கேபிளில் சேர்ந்து வெப்கேமாக நிற்பது மட்டும்தான் அதன் வேலை. 2020 ஊரடங்கில் கடையில் வெப்கேமே கிடைக்காமல், கிடைத்த இடத்தில் யானை விலை குதிரை விலை சொன்னபோது ஆரம்பித்த ஏற்பாடு இது. ட்ராய்ட்கேம், ஐரியன், கேமோ என்று இதற்கான செயலிகள் நிறைய உண்டு. எதை எங்கே நிறுவுவது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் நான் போகவில்லை. வருஷக்கணக்கில் வைத்துப் புழங்கியவனுக்கு எது பிடித்தது, எது உயிரை எடுத்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம். டொராண்டோவில் கோடைக்கால இரவு எட்டு மணி என்றால் நமக்குக் காலை ஐந்தரை. அந்த நேரத்துக்குக் கூடத்தில் டியூப்லைட் வெளிச்சம்தான். லேப்டாப் கேமராவின் சென்சார் ரொம்பச் சின்னது. வெளிச்சம் போதவில்லை என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், நொடிக்கு 30 ஃபிரேம் வரவேண்டியது 15-க்கு இறங்கிவிடும். பேசுகிற முகத்துக்கு அது போதும். மிருதங்கத்துக்குப் போதாது. தரிகிடதொம் என்ற சொற்கட்டை வேகமாக வாசிக்கும்போது நொடிக்கு எட்டு அடி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 15 ஃபிரேமில் ஒரு அடிக்கு இரண்டு படம்கூடத் தேறாது. விரல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மங்கல். போன் கேமராவில் அதே வெளிச்சத்தில் 30 ஃபிரேமும் குறையாமல் வந்தது, அடிக்குக் கிட்டத்தட்ட நாலு படம் கிடைத்தது. எந்த விரல் எழுந்தது, எந்த விரல் விழுந்தது என்று பார்க்க முடிந்தது.

இதன் அருமை வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குத்தான் தெரியும். மிருதங்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல் உண்டு. 'நம்' என்ற சொல்லுக்கு மோதிர விரல் நுனி, வலது பக்கத் தோலின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டமான கரணையின் ஓரத்தில் பட்டும் படாமலும் நிற்க வேண்டும், அதே நேரத்தில் ஆள்காட்டி விரல் தோலின் வெளி வளையமான மீட்டில் விழ வேண்டும். மோதிர விரல் அழுத்திவிட்டால் நாதம் செத்துவிடும், அடியோடு எடுத்துவிட்டால் சொல்லே மாறிப்போகும். நேரில் என்றால் பையனின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துவிடலாம். திரையில் அந்த வழி இல்லை. போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலைக்கு நேராக ஒன்றரை முழம் தள்ளி நிறுத்தினேன். ஜூமில் அதை இரண்டாவது கேமராவாகப் பகிர்ந்தேன். லேப்டாப் கேமராவில் நான் உட்கார்ந்திருப்பேன், போனில் வலந்தலை மட்டும் திரை முழுக்க நிறைந்திருக்கும். டொராண்டோ பையன் ஒருநாள் பாதி பாடத்தில் நிறுத்தி, "சார், உங்களுக்கு நுனி மட்டும்தான் படுது, நான் முழு விரலையும் வெக்கிறேன்" என்றான். மாதக்கணக்கில் நான் வாயால் சொல்லியும் ஏறாத விஷயம், அவனே பார்த்துக் கண்டுபிடித்தான். அன்றைக்கு அவன் வாசித்த 'நம்' இன்னும் என் காதில் நிற்கிறது. அந்த ஒரு விஷயத்துக்காக இந்தப் போனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஃபோர்-கே, ஃபோர்-கே என்று செயலிகள் விளம்பரம் செய்வதைப் பொருட்படுத்த வேண்டாம். ஜூம் மாதிரியான இடங்களில் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வது பெரும்பாலும் 720பி அளவுத் தெளிவுதான், இணைப்பு மோசமானால் அதற்கும் கீழே. நமக்கு முக்கியம் ஃபிரேம் குறையாமல் இருப்பது.

போனை வைஃபையில் இணைக்காதீர்கள், கேபிளில் இணையுங்கள். சத்தம் லேப்டாப் மைக் வழியாக நேரே போய்விடுகிறது. படம் போனிலிருந்து காற்றில் வந்து, லேப்டாப்பில் விரிந்து, அப்புறம்தான் போகிறது. அதனால் படம் பிந்தும். தோலில் கை விழுவதற்கு முன்பே சத்தம் கேட்டுவிடும். பாடம் நடத்தும் வாய் கொஞ்சம் பிந்தினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தாள வாத்தியத்துக்கு அது விஷம். கேபிளில் அந்தப் பிந்தல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கடைத்தெருவில் கிடைக்கும் மலிவான கேபிள் சிலவற்றில் சார்ஜ் ஏறும் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. அதைப் போட்டால் போனில் சார்ஜ் ஏறும், லேப்டாப்போ அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, கேமரா சமாச்சாரம் இல்லை என்றாலும் என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் சொல்வது: ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் மிருதங்கத்தை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அடக்கிவிடும்.

டியூப்லைட் தொல்லை கொஞ்ச நாள் இருந்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அமெரிக்கா மாதிரி 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான அமைப்பில் கேமரா ஓடினால், திரையில் கருப்புப் பட்டைகள் ஓடும். செட்டிங்கில் 50 என்று மாற்றியதும் பட்டைகள் போய்விட்டன. ஷட்டரை நொடியில் 50-ல் ஒரு பங்கு வைத்தால் படம் வெளிச்சமாக இருக்கும், விரல் இழுபடும். 100-ல் ஒரு பங்கு வைத்தால் விரல் கத்தி மாதிரித் தெளிவாக இருக்கும், படம் இருட்டிவிடும். நான் 100-ஐ வைத்துக்கொண்டு வலந்தலைப் பக்கம் ஒரு எல்இடி விளக்கு போட்டேன். அது தீர்ந்தது.

தீராதது ஃபோகஸ்.

வலந்தலையின் நடுவில் கரணை, கன்னங்கரேலென்று வட்டமாக இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் மேலே நுண்ணிய வெடிப்புகள் தெரியும், ஒன்றரை முழத் தூரத்திலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அது ஒரே கருப்பு. ஆட்டோஃபோகஸ் பிடித்துக்கொள்வதற்கு ஒரு கோடோ விளிம்போ வேண்டும். கரணையில் அது இல்லை. முகம் இருந்தால் முகத்தைப் பிடித்துக்கொள்ளும், இங்கே முகமும் இல்லை. போதாததற்கு விரல்கள் வந்து வந்து போகின்றன. கேமரா விரலைப் பிடிக்கிறது. விரல் போனதும் தோலைத் தேடுகிறது. தோலைத் தாண்டிப் போய் என் வேட்டிக் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் படம் ஒருமுறை ஊதிச் சுருங்கும். சாதாரண பாடத்தில் சகித்துக்கொள்ளலாம். மூன்று முறை வாசித்து முடிக்கும் கோர்வை, மூன்றாம் முறையும் முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும் அந்த இடத்தில், எல்லா விரலும் வேகமாக ஓடும் இடத்தில், படம் கலங்கிப்போகிறது. பிள்ளை பார்க்க வேண்டியதே அந்த இடம்தான்.

செயலியில் ஃபோகஸ் பூட்டு இருக்கிறது. போடுகிறேன், நிற்கிறது. கேபிள் ஒருமுறை அசைந்து இணைப்பு விட்டுத் தொட்டால் பூட்டு போய்விடும். திரை அணைந்து எரிந்தால் போய்விடும். போன் சூடாகி, தன்னைத் தானே குறைத்துக்கொண்டு மறுபடி எழுந்தால் போய்விடும். போனது எனக்குத் தெரியாது, ஏனென்றால் வாசிக்கும்போது என் கண் திரையில் இருக்காது. அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகளும் மரியாதைக்காகச் சொல்வதில்லை. வகுப்பு முடிந்து பதிவைப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும், பாதி கோர்வை கலங்கலாகப் போயிருக்கிறது என்று. வெளிச்ச அளவும் இப்படித்தான். என் உள்ளங்கை விளக்கை மறைத்தால் உடனே படத்தை வெளுக்கவைக்கும், கரணை சாம்பல் நிறமாகிவிடும். கை விலகினால் மறுபடி கருக்கும்.

நிதானமாக யோசித்தால் கேமராவைக் குறை சொல்ல முடியாது. ஓடுகிற குழந்தையை, அசைகிற கன்றுக்குட்டியை, எதையும் விடாமல் பிடிக்க வேண்டும் என்று செய்தது அது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது வைத்த இடத்தில், வைத்த தூரத்தில், வைத்த வெளிச்சத்தில் சும்மா இருக்கும் ஒரு கண். ஒரு தடவை பூட்டினால் நான் திறக்கும்வரை பூட்டியே இருக்கட்டும். இதைக் கேட்பது அதிகப்படி என்று எனக்குத் தோன்றவில்லை. செயலி செய்கிறவர்களுக்கு எழுதி அனுப்பியும் பார்த்தேன், அடுத்த பதிப்பில் புதிதாக வந்தது பின்னணியை மங்கலாக்கும் வசதி.

பேட்டரி கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பின் சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர். கேமராவும் திரையும் சேர்ந்து ஓடினால் போன் அதைவிட அதிகம் இழுக்கும். அதனால் நீண்ட வகுப்பில், செருகியே இருந்தும் சார்ஜ் மெல்ல இறங்கும். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் நூறு சதவீதத்திலேயே நிற்கும். அதோடு நம் ஊர்ச் சித்திரை வெயிலும் சேர்ந்துகொள்கிறது. லித்தியம் பேட்டரிக்குச் சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் ஆகாது, உள்ளே வாயு சேர்ந்து உப்பிவிடும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இப்போதைய போன்கள் பலவற்றில் உண்டு, என் பழைய போனில் இல்லை. உப்பியதைக் கண்டால் அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், நேரே கடைக்குக் கொண்டுபோங்கள்.

புதுப் போன் என்றால் இதெல்லாம் இருக்காது என்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு 14-லிருந்து வெப்கேம் வசதி சில போன்களிலேயே வந்துவிட்டது, பிக்சல் போன்களுக்கு 2023 டிசம்பரில் கிடைத்தது. யுவிசி என்ற பொதுத் தரத்தில் வேலை செய்வதால் லேப்டாப்பில் எதையும் நிறுவ வேண்டாம், செருகினால் கேமராவாகத் தெரியும். ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு ஐபோனையே மேக்கின் வெப்கேமாக்கும் கன்டின்யூட்டி கேமரா 2022-லேயே வந்தாயிற்று. தை மாதம் திருவையாறு ஆராதனைக்கு வந்த ஒரு மாணவியின் அப்பா தன் புதுப் போனைக் கொடுத்தார், என் வீட்டுக் கூடத்தில் அதே ஸ்டாண்டில் மாட்டிப் பார்த்தோம். இணைப்பது சுலபம். படத்தின் அழகைப் பார்த்து அசந்துபோனேன், மீட்டுத் தோலின் முடிச்சுவரை தெரிந்தது. வாசிக்க ஆரம்பித்ததும் அதுவும் தேட ஆரம்பித்தது.

மயிலாடுதுறைப் பக்கம் நாகஸ்வரம் வாசிக்கிற அண்ணன் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து மூன்று பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று போன வாரம் பேசினார். "தம்பி, பழைய போன் ஒன்னு சும்மா கிடக்கு. அதையே மாட்டிக்கவா, இல்ல தனியா வாங்கணுமா?" என்றார். வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டில் பிடிக்கும் விதம், துளையைப் பாதி மூடும் விரல், இரண்டும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் அவருக்கு. வாசிக்கும்போது நாகஸ்வரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். பின்னால் தவில் வேறு இருக்கும். அந்த இடத்தில் போன் கேமரா என்ன பாடுபடுத்தும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"வாங்கிடுங்கண்ணே" என்றேன். மேலே நான் எழுதிய பாராட்டு எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. படத்தில் போனுக்குப் பக்கத்தில் எந்த மலிவு வெப்கேமும் வராது. இருந்தாலும் இன்றைக்கு யார் கேட்டாலும் என் பதில் இதுதான்: வெப்கேம் வாங்குங்கள், அதிலும் ஃபோகஸ் தானாக மாறாத ரகமாகப் பார்த்து வாங்குங்கள். லாஜிடெக் சி270 அந்த ரகம்தான், 720பி, நொடிக்கு 30 ஃபிரேம், ஃபோகஸ் நிலையானது. இருட்டில் திணறும், அதனால் முகத்துக்கு நேராக ஒரு நல்ல எல்இடி விளக்கு கட்டாயம் வேண்டும். கடைக்காரர் இன்னும் கொஞ்சம் போட்டால் ஆட்டோஃபோகஸ் உள்ளது வாங்கலாம் என்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடையிலேயே மாட்டச் சொல்லி, கேமராவுக்கு முன்னால் கையை வேகமாக நாலு தடவை ஆட்டிப் பாருங்கள். படம் ஒரு தடவை ஊதிச் சுருங்கினாலும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.