சோடியமும் குரோமியமும்: வெளிக்கூட்டில் ஒன்றுதான், தொகுதி மட்டும் வேறு

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் இரண்டுமே புழங்குகின்றன. பச்சைத்தோல் கெடாமல் காக்கும் உப்பில் சோடியம். பதனிடும் குரோமியம் சல்பேட்டில் குரோமியம். இரண்டு அணுக்களுக்கும் வெளிக்கூட்டில் ஒரே எலக்ட்ரான்.

தனிம வரிசை அட்டவணையில் இவற்றின் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். சோடியம் சுலபம்: கூடுவாரியாக எலக்ட்ரான்கள் 2, 8, 1. மூன்று கூடுகள், அதனால் 3ஆம் தொடர் (கிடைவரிசை). இணைதிறன் எலக்ட்ரான், அதாவது பிணைப்பில் பங்கேற்கும் எலக்ட்ரான், ஒன்று; அதனால் 1ஆம் தொகுதி (செங்குத்து வரிசை).

குரோமியத்தையும் அப்படியே எண்ணினால் 1ஆம் தொகுதியில் போய் நிற்போம். அது தவறு. நான்காம் கூட்டின் 4எஸ் துணைக்கூட்டில் உள்ள 1 எலக்ட்ரானோடு மூன்றாம் கூட்டின் 3டி துணைக்கூட்டில் உள்ள 5-ஐயும் சேர்க்க வேண்டும்; அவையும் இணைதிறன் எலக்ட்ரான்களே. ஆக 6ஆம் தொகுதி, 4ஆம் தொடர். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லித்தர வேண்டும் என்பேன். ஆறில் மூன்றை இழந்த குரோமியம் அயனிதானே தோலின் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பிணைத்து, அழுகாத தோலாக்குகிறது!