எஃப்8 பட்டியலில் யாரும் பார்க்காத ஒரு வரி: பழைய கம்ப்யூட்டரோடு 13 வருடம்

தேவிபட்டினத்திலிருந்து மச்சான் போன் செய்தார். "மாப்ளே, சிஸ்டம் ஆன் ஆகுது, விண்டோஸ் படம் வருது, டப்புன்னு அணைஞ்சு மறுபடி ஆன் ஆகுது. ஃபார்மட் அடிக்கணும்னு கடையில சொல்றாங்க. உன்னோடது இன்னும் ஓடுதே, என்னதான் பண்றே?" போனில் சொன்னது அவருக்குப் பாதிதான் புரிந்தது. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

என்னுடையது 2012இல் வாங்கிய டெஸ்க்டாப், விண்டோஸ் 7. கடலோரத்து மண்டபம் ஊரில் கருவாட்டுக் கணக்கு எழுத மட்டும். 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் இதற்கு அப்டேட் தருவதை நிறுத்தியதும் நெட் கேபிளைக் கழற்றிவிட்டேன்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். எஃப்8 கீ. ஆன் ஆகும்போது இதைத் தட்டினால், விண்டோஸை எப்படி ஏற்றுவது என்று கேட்கும் ஒரு பட்டியல் வரும். மதர்போர்டு கம்பெனியின் படம் மறைந்து விண்டோஸ் படம் வருவதற்குள் ஒரு நொடியோ இரண்டோதான் கிடைக்கும், அதற்குள் தட்ட வேண்டும். பிந்தினால் விண்டோஸ் ஏறத் தொடங்கிவிடும். முந்தினால், சில போர்டுகளில் எந்த டிஸ்கிலிருந்து ஏறுவது என்று கேட்கும் வேறொரு பட்டியல் வந்து நிற்கும். அதில் ஹார்டு டிஸ்கைத் தேர்ந்து என்டர் அடித்த கையோடு மறுபடி எஃப்8 தட்ட வேண்டும். இதைவிடக் கொடுமை யூஎஸ்பி கீபோர்டு. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் சொந்த அமைப்பில், யூஎஸ்பி கீபோர்டை அப்போதே வேலை செய்யவைக்கும் 'யூஎஸ்பி லெகஸி' ஆஃப் ஆகியிருந்தால் விண்டோஸ் ஏறும்வரை அதற்கு உயிரே வராது. அது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்கத் தட்டி விரல் வலித்ததுதான் மிச்சம். மறுநாள் ராமநாதபுரம் போய், வட்ட முனை வைத்த பழைய கீபோர்டு ஒன்றை வாங்கிவந்து பின்பக்கம் ஊதா நிற ஓட்டையில் செருகினேன். அன்றிலிருந்து அதை நான் கழற்றவே இல்லை.

சரி, பட்டியல் வந்துவிட்டது. எல்லோரும் நேராக சேஃப் மோடுக்குப் போகிறார்கள். புதிதாகப் போட்ட டிரைவரோ (பிரிண்டர் மாதிரி சாதனங்களை இயக்கும் புரோகிராம்) சாஃப்ட்வேரோ தகராறு செய்தால் அது நல்ல வழிதான், ஏனென்றால் அதில் அவசியமான டிரைவர்கள் மட்டுமே ஏறும். ஆனால் நான் உயிராக மதிப்பது கடைசியிலிருந்து மூன்றாவது வரியை. 'டிஸேபிள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட் ஆன் சிஸ்டம் ஃபெயிலியர்.' நீலத் திரை ஒரு கண் இமைப்பில் வந்து மறைந்து சிஸ்டம் தானாக மறுபடி ஆன் ஆகிறதே, அந்தத் திரையை இந்த வரி பிடித்து நிறுத்தி வைக்கும். என்ன கோளாறு என்று அதில் எழுதியிருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன், கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில், மச்சானுக்கு வந்ததுபோலவே எனக்கும் வந்தது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று கடையில் சொன்னார்கள். இந்த வரியைத் தேர்ந்தேன். 1ஏ என்று முடியும் எண்ணும், மேலே 'மெமரி மேனேஜ்மென்ட்' என்ற பெயரும் வந்து நின்றன. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றி ராமை, அதாவது மெமரி அட்டையை, உருவிப் பார்த்தேன். தங்க நிறத்தில் மின்ன வேண்டிய பற்கள் மங்கிக் கிடந்தன, இரண்டு மூன்றில் பழுப்புப் புள்ளி. மகளின் பள்ளி ரப்பரால் மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க வெள்ளை ரப்பரின் தூள் கருப்பாக உதிர்ந்தது. திரும்பச் செருகி, இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று விழுந்ததும் ஆன் செய்தேன். ஏறிவிட்டது. பிறகு அதே பட்டியலில் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாக மெமரியைச் சோதிக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கும் ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை.

உப்புக்காற்றின் வேலை இது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று. அதற்கு ராம் எம்மாத்திரம்?

அடுத்து ஒரு தடவை நீலத் திரையில் வந்தது 7பி என்று முடியும் எண். இதில் சேஃப் மோடும் ஏறவில்லை. ஆனால் விஷயம் சின்னதுதான். போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட் வட்டக் காசு போன்றது, தீர்ந்துவிட்டது. நீண்ட கரண்ட் கட்டுக்குப் பின் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, தேதியைப் பழைய வருடத்துக்குத் தள்ளி, டிஸ்கோடு பேசும் முறையான சாட்டா மோடை ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றிவிட்டது. விண்டோஸுக்குத் தன் டிஸ்கே அடையாளம் தெரியவில்லை! பேட்டரி மாற்றி, மோடைப் பழையபடி வைத்ததும் சரியானது. அன்று ஃபார்மட் அடித்திருந்தால் ஆறு வருடக் கணக்கு ஒன்றுமில்லாமல் போயிருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியாக நன்றாக ஏறிய அமைப்புக்குத் திரும்ப, அதே பட்டியலில் 'லாஸ்ட் நோன் குட்' என்ற வரியும் உண்டு. லாகின் செய்யும் முன்பே அதைப் பயன்படுத்த வேண்டும். ஒருமுறை லாகின் ஆகிவிட்டால் கெட்டுப்போன அமைப்பையே நல்லது என்று பதிந்துகொள்ளும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வைத்துக்கொள்ளலாமா என்று மச்சான் கேட்டால், விற்றுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். போன மாதம் மூன்றாவது முறையாக ரப்பரை எடுத்தேன். இரண்டு ராத்திரி போனது. லோடு ஏற்ற வந்தவர்கள் பில்லுக்காக வாசலில் காத்து நின்றார்கள். அந்த வரி எத்தனை தடவை காப்பாற்றினாலும், காப்பாற்ற வேண்டிய நிலைக்கு வந்துகொண்டே இருக்கிற சிஸ்டத்தை இந்தக் கரையில் வைத்துத் தொழில் செய்ய முடியாது.

ஆனால் மச்சான், விற்கும் முன் அந்த வரியைத் தேர்ந்து, நீலத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். 1ஏ என்றால் ராமைத் தேய்த்துப் பாருங்கள். 7பி என்றால் முதலில் பேட்டரி. எஃப்8 பிடிக்கவே இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அதுவரை யாரையும் ஃபார்மட் அடிக்க விடாதீர்கள்.