நாளுக்கு 5 டாலரில் ஐரோப்பா: ஒரு பழைய கையேட்டின் மறு அச்சு

அமெரிக்கரான ஆர்தர் ஃப்ரோமரின் பயணக் கையேடு ‘யூரோப் ஆன் 5 டாலர்ஸ் எ டே’ 1957-ல் வந்தது. அதன் ஐம்பதாம் ஆண்டில், 2007-ல், முதல் பதிப்பை அப்படியே மறு அச்சுப் போட்டார்கள். அந்தப் பிரதி ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தது.

அதிலுள்ள ஓட்டல் விலைகள் இன்று எதற்கும் ஆகாது. ஆனாலும் முதல் முறை வெளிநாடு கிளம்புகிற யாருக்கும் இதைத்தான் கொடுப்பேன். கையில் காசு குறைந்தால் ஊர்க்காரர்களுக்குப் பக்கத்தில் போகிறோம் என்று மனசார நம்பி எழுதியிருக்கிறார் மனிதர். தனிக் குளியலறை கேட்காதே, வாடகை பாதியாகும் என்கிற தோரணையில் உரிமையோடு பேசுகிறார்.

ஃப்ரோமர் ராணுவச் சேவைக்காக ஜெர்மனி போனவர். லீவு கிடைத்தால் பாரிஸுக்கு ரயில், இல்லையென்றால் இங்கிலாந்துக்கு விமானப்படை விமானம். முதலில் சிப்பாய்களுக்காக ஒரு சின்னக் கையேடு போட்டார், விற்றுத் தீர்ந்தது. பிறகு நியூயார்க்கில் வக்கீலாக இருந்தபோது ஒரு மாத விடுப்பில் 15 நகரங்களைச் சுற்றினார். விடிகாலை நாலு மணிக்கே எழுந்து, மலிவான அறை தேடித் தெருத்தெருவாக ஓடியிருக்கிறார். அந்த ஓட்டம் எழுத்தில் தெரிகிறது.

வெனிஸ் பகுதிக்காகவே வாங்கலாம். ராத்திரியில் போய் இறங்கு என்கிறார். இருட்டுக்குள்ளிருந்து கோடு போட்ட, படகு கட்டும் கம்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும், முனையில் விளக்கு தொங்க ஒரு கொண்டோலா படகு வரும். சிக்கனம் சொல்ல வந்த புத்தகத்தில் இப்படி ஒரு பத்தி!

குறையும் உண்டு. அந்த 5 டாலர், அறைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் மட்டும். பயணச் செலவு தனி. பெருநகரங்களைத் தாண்டுவதும் இல்லை. தவிர, இது டாலர் கொழித்த காலத்து அமெரிக்கருக்கு எழுதியது. அறுபதுகளின் கடைசியில் மேற்கு ஜெர்மனிக்குப் படிக்கப் போன என் பெரியப்பா, அன்றைய இந்திய அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் 8 டாலரோடுதான் விமானம் ஏறினார். அவருக்கு இது ஒன்றரை நாள் கணக்கு.

தலைப்பிலிருந்த தொகை பதிப்புக்குப் பதிப்பு ஏறி 95 டாலரில் வந்து நின்றது. 2007-ல் வரிசையையே நிறுத்திவிட்டார்கள். அறை பிடிக்க இன்று செல்போன் போதும். எந்த மனநிலையில் ஊர் சுற்றுவது என்று தெரிந்துகொள்ள இந்தப் பழைய பிரதியைத் தேடி வாங்குங்கள்.