சயனைடை விட்டு 4 வருஷம்: போல்ட்டில் முளைக்கும் கொப்புளம்

ஓசூரில் பிளேட்டிங் (இரும்பில் துத்தநாகம் பூசும்) பட்டறை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "நீங்க சயனைடை விட்டு நாலு வருஷம் ஆச்சே, ஆல்கலைன் சிங்க் எப்படிங்க? நானும் மாத்தலாமா?" சயனைடு கரைசலுக்குப் பதில், சயனைடு இல்லாத காரக் கரைசலில் துத்தநாகம் பூசுவதுதான் ஆல்கலைன் சிங்க். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் இரண்டு மூட்டை போல்ட் திரும்பி வந்திருந்தது. அனுப்பும்போது பளபளவென்று இருந்தவை. பத்து நாளில் தலைப்பகுதியில் கடுகு கடுகாகக் கொப்புளம். நகத்தால் சுரண்டினால் செதிலாக உரிகிறது.

சயனைடு பாத்தில் (பூச்சுக் கரைசல் தொட்டியில்) இந்தத் தலைவலி எனக்கு வந்ததில்லை. கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு போல்ட் நிரப்பிய பேரலை இறக்கினாலும் அதுவே அழுக்கைத் தின்றுவிட்டுத் துத்தநாகத்தை ஒட்டவைக்கும். எங்கள் சோம்பேறித்தனத்தை அத்தனை வருஷமும் அந்த டேங்க்தான் மூடி மறைத்திருக்கிறது. இப்போதுள்ள பாத்தில் லிட்டருக்கு 10 கிராம் துத்தநாகம், 120 கிராம் காஸ்டிக் சோடா, அப்புறம் பளபளப்புக்குப் பிரைட்னர். எண்ணெயோடு போனால் மன்னிக்காது. அதையும் என் கண் முன்னால் காட்டாது, கஸ்டமர் வீட்டில் போய்த்தான் காட்டும்.

அதனால் டீகிரீஸ் (எண்ணெய் நீக்கம்) முடிந்ததும் ஒரு போல்ட்டைத் தண்ணீரில் முக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒரே படலமாக நின்றால் சரி. சேம்பு இலையில் திரளுவதுபோல் முத்து முத்தாக நின்றால் மறுபடி டீகிரீஸ். அரை நிமிஷ வேலை. நைட் ஷிஃப்டில் யார் செய்கிறார்கள்? வந்த மூட்டை இரண்டும் நைட் ஷிஃப்ட் சரக்கு. (பாத்தில் தொங்கும் துத்தநாகக் கட்டியான ஆனோடைச் சனிக்கிழமை தூக்கிவைக்க மறந்தால் திங்கட்கிழமை கரைசலில் துத்தநாகம் ஏறிக் கிடப்பது தனிக் கதை.)

ஆல்கலைன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போது என் ஷெட்டில் ஆசிட் டேங்குக்கும் சயனைடு டேங்குக்கும் நடுவே ஆறடிதான் இருந்தது. இரண்டும் கலந்தால் கிளம்புவது ஹைட்ரஜன் சயனைடு, ஆளைக் கொல்லும் விஷவாயு. யாராவது வாளியோடு குறுக்கே நடந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். கழிவுநீரில் சயனைடு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதால், அதன் பிஎச்சை (கார அளவை) 10க்கு மேல் ஏற்றிச் சயனைடை முறிக்க ஹைப்போகுளோரைட் ஊற்று, பிறகு எட்டரைக்கு இறக்கி மறுபடி ஊற்று என்று தினமும் ஒரு ஆள் வேலை. அதெல்லாம் போயே போச்சு. பழைய இரும்பு டேங்கையே கழுவிவிட்டுப் பயன்படுத்திக்கொண்டேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பரிடம், "ஆல்கலைன் வேண்டாங்க, ஆசிட் சிங்க் போடுங்க" என்றேன். அமிலக் கரைசலில் பூசும் முறை அது. அதற்கு அமிலம் அரிக்காத லைனிங் போட்ட டேங்க் வேண்டும், ஷெட் தகரம் துருப்பிடிக்கும், இடுக்கில் சரியாக ஏறாது, சுத்தம் இதைவிடக் கறாராக வேண்டும். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"அப்ப நீங்க ஏன் அதுக்குப் போகல?" என்றார்.

வேலை இருக்கிறது என்று போனை வைத்தேன். இரண்டு மூட்டையையும் பூச்சை உரிப்பதற்காக ஆசிட் டேங்கில் கொட்டினேன். கை வரைக்கும் தெறித்தது. ஆறடி தள்ளி இருக்கும் பாத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.