எக்லிப்ஸ் மெமரி அனலைசர்: யார் மேல் எவ்வளவு நிற்கிறது என்று சொல்லும் கருவி

சனிக்கிழமை சாயங்காலம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் அன்றுதான் கூலி போடுவார்கள். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், குகை என்று நாற்பது பட்டறைகள் நான் எழுதிய வெப் அப்ளிகேஷனில் கணக்கு வைத்திருக்கின்றன. யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தது, எவ்வளவு கொலுசாகத் திரும்பி வந்தது, சேதாரம், டச், கூலி எல்லாம் அதில்தான். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வாரக் கணக்கைத் திறப்பார்கள். சர்வர் படுத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை அக்கா குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருக்கும், போன் வந்தது. "ஏம்மா, வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது. ஆளுங்க கூலிக்கு நிக்கிறாங்க." அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது. அதற்கடுத்த வளைவில் வேறொரு பட்டறை, அதே புகார். பின்சீட்டில் லேப்டாப்பைத் திறந்து, தலைசுற்றலோடு டாம்கேட்டை, அதாவது என் ஜாவா அப்ளிகேஷனை ஓட்டும் சர்வர் மென்பொருளை, ரீஸ்டார்ட் செய்தேன். உடனே நல்ல பிள்ளையாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தான்.

சர்வர் வாடகைக்கு விடும் கம்பெனியின் உதவி மையத்தில் கேட்டேன். மெமரி பத்தவில்லை, 8 ஜிபிக்கு மாறுங்கள் என்றார்கள். மாறினேன். ஹீப்பையும், அதாவது ஜாவா தன் பொருட்களை வைத்துக்கொள்ளும் மெமரிப் பகுதியையும், 2 ஜிபியிலிருந்து 5 ஆக்கினேன். வாராவாரம் விழுந்தது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விழுந்தது. வாடகை மட்டும் தவறாமல் ஏறியது. சரி போ என்று பழைய 4 ஜிபிக்கே திரும்பி வந்து, இனி என்னதான் ஆகிறது என்று பார்த்துவிடுவது என உட்கார்ந்தேன். அப்போது கைகொடுத்த கருவியைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

எக்லிப்ஸ் மெமரி அனலைசர், சுருக்கமாக மேட். எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனத்தில் உருவாகி, எக்லிப்ஸ் என்ற திறந்த மூல அமைப்புக்குக் கொடுக்கப்பட்டது. இலவசம். ஜாவா நிரலின் ஹீப் டம்ப்பை, அதாவது ஒரு நொடியில் மெமரியில் இருந்த அத்தனை பொருட்களின் படத்தை, திறந்து பார்க்கும் கருவி. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆனால் இதைத் திறப்பதற்கு முன், நோய் ஹீப்பில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். எந்த நிரல் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில் சிபியூ 100 சதவீதத்தைத் தொட்டது. ஏதோ லூப் முடிவில்லாமல் ஓடுகிறது என்று இரண்டு நாள் கோடைத் துழாவினேன். த்ரெட் (நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை) வாரியாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, வேலை செய்துகொண்டிருந்தது என் கோடே இல்லை, தேவையில்லாத பொருட்களை மெமரியிலிருந்து நீக்கும் ஜாவாவின் குப்பை அள்ளும் த்ரெட்கள். ஹீப் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் ஜேஸ்டாட்டை நொடிக்கொரு முறை ஓடவிட்டேன். ரொம்ப நாள் தங்கிவிட்ட பொருட்கள் போய்ச் சேரும் பழைய தலைமுறைப் பகுதி 98.71 சதவீதம் நிறைந்திருந்தது. முழு கலெக்‌ஷன் ஒன்று நடந்தது. 98.64. இன்னொன்று. 98.69. ஆள் நாள் முழுக்கப் பெருக்குகிறார், அள்ளுவதற்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். லினக்ஸே மெமரி போதாமல் ஜாவாவைக் கொன்றிருந்தால் அது வேறு கதை. அந்தச் செய்தி கெர்னல் லாகில் இருக்கும், ஹீப் டம்ப்பும் விழாது. ஹீப்புக்கு வெளியேயும் ஜாவா மெமரி எடுக்கும் என்பதை மறந்து, இருக்கும் ராம் முழுவதையும் ஹீப்புக்கே எழுதி வைத்தால் இப்படித்தான் ஆகும். என் லாகில் இருந்தது 'அவுட் ஆஃப் மெமரி எரர், ஜாவா ஹீப் ஸ்பேஸ்'. ஆகவே ஹீப்தான்.

மெமரி தீர்ந்தால் தானாகவே டம்ப் எடுக்கும்படி ஜாவாவுக்கு ஒரு ஆப்ஷன் உண்டு. 'ஹீப் டம்ப் ஆன் அவுட் ஆஃப் மெமரி எரர்' என்று பெயர். அதைப் போட்டுவிட்டு, எந்த ஃபோல்டரில் விழ வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு, டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை ஆறு மணி சுமாருக்கு 1.9 ஜிபி கோப்பு ஒன்று விழுந்தது. டம்ப் எழுதி முடிக்கும் வரை அப்ளிகேஷன் அசையாமல் நிற்கும். அன்றைக்கு வாங்கிய திட்டை இங்கே எழுத வேண்டாம். கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள். மெமரியில் இருந்த பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் அதில் அப்படியே இருக்கும். யாருக்கும் மெயிலில் அனுப்பிவிடாதீர்கள்.

கோப்பை லேப்டாப்புக்கு இறக்கி மேட்டில் திறந்தேன். பாதியில் நின்று, எனக்கே மெமரி பத்தவில்லை என்றது. வைத்தியருக்கே காய்ச்சல். மேட்டும் ஜாவாவில் எழுதியதுதான், அதற்குக் கொடுத்து வைத்திருக்கும் ஹீப் 1024 எம்பி. அதனுடைய ஐஎன்ஐ கோப்பில் 4 ஜிபி என்று மாற்றினேன். மறுபடியும் திறக்கச் சொல்லிவிட்டு, முக்குக் கடைக்குப் போய் ஒரு தட்டு வடை செட் சாப்பிட்டுவிட்டு வந்தேன். முடியவில்லை. திரும்பிப் போய் இன்னொரு செட். முதல் தடவைதான் இந்த நேரம். அட்டவணைக் கோப்புகளைப் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வதால் அடுத்த முறை சட்டென்று திறக்கிறது.

திறந்ததும் 'லீக் சஸ்பெக்ட்ஸ்' என்று ஓர் அறிக்கை. வட்ட வரைபடத்தில் பெரிய துண்டு ஒன்று. டாம்கேட்டின் ஸ்டாண்டர்ட் மேனேஜர் என்ற ஒரே ஒரு பொருள் மொத்த ஹீப்பில் 80 சதவீதத்துக்கு மேல் பிடித்து வைத்திருக்கிறது என்றது. அதாவது செஷன்கள், உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் சர்வர் நினைவில் வைத்திருக்கும் தகவல்கள்.

இந்தக் கருவியில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஷாலோ ஹீப், ரீட்டெய்ன்ட் ஹீப் என்று இரண்டையும் பிரித்துக் காட்டுவது. பட்டறைக்காரர்களுக்கு இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கொடுத்த வெள்ளியை எழுதி வைக்கும் நோட்டு இருக்கிறதே, அதன் எடை நூறு கிராம் இருக்கலாம். அது ஷாலோ. அந்த நோட்டில் பெயர் இருப்பதால் வெளியே நிற்கும் வெள்ளி பத்துக் கிலோ இருக்கலாம். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டால் எவ்வளவு வெள்ளி வீடு திரும்புமோ, அது ரீட்டெய்ன்ட். ஜாவாவின் குப்பை அள்ளுபவருக்கும் இதே விதிதான். எந்த நோட்டிலும் பெயர் இல்லாததைத்தான் அவர் எடுக்கலாம். ஒரே ஒரு நோட்டில் பெயர் இருந்தாலும் கை வைக்க மாட்டார். ஜாவாவில் மெமரி லீக் என்பது கணக்கை முடிக்காமல் விட்ட நோட்டு.

எந்த வகைப் பொருள் எத்தனை இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராமில் செஷன்களின் எண்ணிக்கையைப் பார்த்தேன். 10,514. பட்டறையோ நாற்பது! ஒரு பட்டறைக்கு நாலு போன் என்று வைத்தாலும் கணக்கு உதைக்கிறது. யோசித்துக்கொண்டே ஒரு தாளில், ஒரு நாளின் நிமிடங்களான 1440-ஐ ஏழால் பெருக்கினேன். 10,080. விளங்கிவிட்டது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, நிமிடத்துக்கொரு முறை லாகின் பக்கத்தைத் தட்டும் கண்காணிப்பு ஒன்றை நானே வைத்திருந்தேன். வந்த ஆள் யார் என்று சர்வர் அடையாளம் காணக் கொடுக்கும் சீட்டான குக்கீயை அது வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புது செஷன். காவலுக்கு வைத்த ஆள் நிமிடத்துக்கொரு நாற்காலி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் அந்த நாற்காலிகள் எடையில் சிறியவை, எல்லாம் சேர்ந்தே சில பத்து எம்பிதான். எந்தப் பொருள் எவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் டாமினேட்டர் ட்ரீயில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தியபோது உண்மையான ஆள் வெளியே வந்தார். மேலே இருந்த முந்நூறு செஷன்கள், ஒவ்வொன்றும் 5 எம்பி சுமார். ஒன்றை விரித்தேன். உள்ளே நான் வைத்த ஒரு அட்ரிபியூட், அதற்குள் ஒரு அரே லிஸ்ட் (பட்டியல்), அதற்குள் ஒரு வருடக் கணக்கின் அத்தனை வரிகளும், ஒவ்வொரு எடையும் தனித்தனி பிக் டெசிமல் எண்ணாக. மறுபடி திறக்கும்போது வேகமாக வரட்டுமே என்று அறிக்கையை முழுசாக செஷனில் வைத்திருந்தேன். வைத்தது நான்.

அதுவும் அரை மணி நேரத்தில் தானாகவே போயிருக்க வேண்டும். டாம்கேட்டில் செஷனின் ஆயுள், நாம் மாற்றாவிட்டால், 30 நிமிடம். ஏன் போகவில்லை? அப்புறம் நினைவு வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பெரியவர், "டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள மறுபடியும் பாஸ்வேர்டு கேக்குதும்மா, கை பூரா பாலிஷ், எப்படி அடிக்கிறது?" என்று சத்தம் போட்டார். அவர் வாயை அடைக்க அந்த எண்ணை மைனஸ் ஒன்று என்று மாற்றினேன். மைனஸ் ஒன்று என்றால் செஷனுக்குச் சாவே கிடையாது. போனில் பிரவுசரை மூடித் திறந்தால் புதிது ஒன்று பிறக்கும், பழையது ஐந்து எம்பியோடு அங்கேயே கிடக்கும்.

இதையெல்லாம் மேட் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். யார் மேல் எவ்வளவு நிற்கிறது என்பது வரைக்கும்தான் அதன் பேச்சு. ஏன் நிற்கிறது என்று கேட்டால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். லீக் சஸ்பெக்ட்ஸ் சில நேரம் நிரபராதியையும் கைகாட்டும். வேண்டுமென்றே வைத்த கேஷ் பெரிதாக இருந்தால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் அந்தப் பொருளை ரைட் கிளிக் செய்து, அதைக் கடைசியில் யார் பிடித்திருக்கிறார் என்று, ஜிசி ரூட் வரை பாதையைப் பார்க்க வேண்டும். குப்பை அள்ளுபவர் மீறி எடுத்துக்கொள்ளக்கூடிய தளர்வான பிடிகளான வீக், சாஃப்ட் ரெஃபரன்ஸ்களை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தேவையில்லாத பாதைகளில் அலைவீர்கள்.

குறைத்த ஒரு மதிப்பெண் எதற்கு என்றால், தோற்றம் பழசு. என் லேப்டாப் திரையில் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது. 1.9 ஜிபி கோப்பைத் திறந்தால் அதைவிடக் குறைவாகக் காட்டி பயமுறுத்துகிறது. யாரும் பிடித்திராத பொருட்களைத் தானாகவே கழித்துவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. கிடைப்பது ஒரு நொடியின் படம் மட்டும். எப்படி வளர்ந்தது என்று அறிய திங்களன்று ஒன்று, வெள்ளியன்று ஒன்று என இரண்டு டம்ப் எடுத்து ஒப்பிட வேண்டும். டேட்டாபேஸ் மெதுவாக இருந்தாலோ, த்ரெட்கள் ஒன்றையொன்று காத்துக் கிடந்தாலோ இதனால் பெரிதாகப் பயனில்லை. அதற்கு ஜேஸ்டாக்கில் பத்துப் பத்து நொடி இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப் (எந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்துப் பார்ப்பதே நல்லது. ஓடும்போதே வரைபடமாகப் பார்க்க விஷுவல் விஎம் என்ற இன்னொரு கருவி வசதி, ஆனால் பெரிய டம்ப்பைத் தோண்ட நான் மேட்டுக்குத்தான் வருவேன்.

செஷன் ஆயுளை 60 நிமிடம் ஆக்கினேன். பெரியவருக்காக, பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும் குக்கீ ஒன்றைத் தனியாகப் போட்டேன். கண்காணிப்பை ஒரு வெறும் ஹெச்டிஎம்எல் கோப்புக்குத் திருப்பிவிட்டேன். அறிக்கை இப்போது செஷனில் இல்லை, டேட்டாபேஸிலிருந்து ஐம்பது ஐம்பது வரியாக வருகிறது. அதே 4 ஜிபி சர்வர், அதே 2 ஜிபி ஹீப். கூலி நேரத்தில் பழைய தலைமுறைப் பகுதி ஏறி, கலெக்‌ஷனுக்குப் பிறகு 30 சதவீதத்துக்கு இறங்குகிறது.

போன சனிக்கிழமை ஏழு மணிக்குப் பெரியவர் போன் செய்தார். கை நடுங்கியபடியே எடுத்தேன். "ஏம்மா, முன்னே மாதிரி வருசக் கணக்கு மொத்தமும் ஒரே பக்கத்துல வர மாட்டேங்குதே, தள்ளித் தள்ளிப் பாக்க வேண்டியிருக்குது, அதைக் கொஞ்சம் மாத்திக் குடேன்" என்றார். பார்க்கிறேன் அண்ணா என்று சொல்லியிருக்கிறேன்.