ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சி: ஈ.சி.ஆர். பக்க மையம் எப்படி?

2022 ஜூனில் மும்பை ஹை கடல் எண்ணெய் வயல் அருகே ஹெலிகாப்டர் கடலில் விழுந்து, உள்ளே இருந்த 9 பேரில் 4 பேர் இறந்தார்கள். கடல் எண்ணெய் ரிக் வேலைக்குக் கிளம்பும் சென்னைப் பையன்கள், மூழ்கும் ஹெலிகாப்டரிலிருந்து தப்பிக்கக் கற்றுத்தரும் ஹியூட் (HUET) பயிற்சியைச் சும்மா சான்றிதழுக்காக எடுக்கக்கூடாது. இந்த மையத்தில் தண்ணீருக்கு அடியில் நடக்கும் பாதி அருமை. தண்ணீருக்கு மேலே நடக்கும் பாதி போதாது.

எஞ்சினும் கியர்பாக்ஸும் உச்சியில் இருப்பதால், கடலில் இறங்கும் ஹெலிகாப்டர் பெரும்பாலும் கவிழ்ந்துவிடும். இங்குள்ள ஹெலிகாப்டர் மாதிரிக் கூண்டும் 180 டிகிரி புரள்கிறது. ஜன்னல்கள் வெறும் ஓட்டைகள் அல்ல, நிஜமாகவே தள்ளிக் கழற்ற வேண்டியவை. ஒரு கை ஜன்னல் சட்டத்தில் இருக்க, ஆட்டம் அடங்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு ஜன்னலைத் தள்ளி, சட்டத்தை இறுகப் பிடித்த பிறகுதான் பெல்ட். முதலிலேயே பெல்ட்டைக் கழற்றினால், தள்ளும்போது ஜன்னல் அசையாது, நீங்கள்தான் பின்னால் மிதந்து போவீர்கள்.

பலர் தடுமாறுவது பக்கிளில். கார் பழக்கத்தில் கட்டைவிரல் இடுப்போரம் பட்டனைத் துழாவும். இதுவோ வயிற்றின் நடுவே திருகித் திறக்கும் வட்டப் பக்கிள். கண்ணை மூடிக்கொண்டு கரையிலேயே திரும்பத் திரும்பத் திருக வைத்த பிறகுதான் தண்ணீரில் இறக்குகிறார்கள். இதற்காகவே இந்தப் பயிற்றுநர்களைப் பாராட்டலாம். லைஃப் ஜாக்கெட்டை வெளியே வரும்வரை ஊதவிடுவதில்லை. கவிழ்ந்த கேபினில் தரைதான் மேலே. ஊதிய ஜாக்கெட் ஆளை அதோடு ஒட்டவைத்துவிடும், ஜன்னலுக்கு இறங்க முடியாது.

மீட்பு வகுப்பைத்தான் அவசரமாக முடிக்கிறார்கள். கவிழ்ந்த ராஃப்ட்டை (காற்றடைத்த உயிர்காப்புப் படகை) ஒருவர் நிமிர்த்துகிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். வாயு சிலிண்டர் பக்கத்தைக் காற்று போகும் திசைக்குத் திருப்பி, அதன்மேல் ஏறி நின்று, அடியிலுள்ள பட்டையை இழுத்தபடி மல்லாந்து சாய வேண்டும். எதிர்ப்பக்க விளிம்பு எழுந்ததும் காற்றே மீதியைப் புரட்டிவிடும். ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்தால்தான் உடம்புக்குப் பிடிபடும்.

மீட்பு ஹெலிகாப்டர் கயிற்றில் ஆளைத் தூக்கும் வின்ச் பாடம் ஸ்லைடோடு சரி. கொக்கி தண்ணீரைத் தொடுமுன் கை வைத்தால் நிலைமின்சாரம் அடிக்கும். தூக்கு வளையம் அக்குளில் ஏறியபின் கைகளை உயர்த்தினால் நழுவி விழுவீர்கள். பதற்றத்தில் கை தானாக மேலே போகும், அதனால்தான் வளையத்தை மாட்டிப் பழக வேண்டும்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்: ராஃப்ட்டை எல்லோரும் நிமிர்த்துவார்களா, தூக்கு வளையம் மாட்டுவார்களா? ஐரோப்பாவின் வட கடலுக்குப் போகிறவர்கள் அவசர மூச்சுக்கருவிப் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். அந்தக் குளிரில் மூச்சடக்குவது சில நொடிகளுக்கு மேல் தாங்காமல் போகலாம்.