தேக்காவா, ஜூ சியாட்டா? நடந்தே கழித்த இரண்டு சனிக்கிழமைகள்

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழுக்குப் பத்தாண்டு முடிந்தது. நாங்கள் அதைப் புதுப்பிக்கவில்லை, காரும் போயிற்று. இரண்டு மாதம் கழித்துக் கும்பகோணத்திலிருந்து அத்தை வந்தார். அவருக்கு வயது 71, வலது முழங்காலில் வலி, ஆனால் ஆசை பெரியது. ஏதாவது ஒரு வட்டாரத்தைக் காலை முதல் இருட்டும்வரை நடந்தே பார்க்க வேண்டும். "சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனால் ஊரைப் பார்த்த கணக்கில் வராதும்மா" என்றார். தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியா ஒரு சனிக்கிழமை, காத்தோங் – ஜூ சியாட் அடுத்த சனிக்கிழமை என்று இரண்டுக்கும் போய் வந்தோம். மீண்டும் ஒரு முழு நாள் கிடைத்தால் அவரைத் தேக்காவுக்குத்தான் அழைத்துப் போவேன்.

போய்ச் சேர்வதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நாங்கள் செங்காங் வாசிகள். வடகிழக்குப் பாதையில் ஏறினால் ரயில் மாறாமலே லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். ஜூ சியாட்டுக்குச் சிராங்கூனில் வட்டப் பாதைக்கு மாறிப் பாய லேபாரில் இறங்க வேண்டும். 2024 ஜூனில் மரின் பரேட் நிலையம் திறந்த பிறகு கடற்கரைப் பக்கமிருந்தும் எளிதாக நுழைய முடிகிறது. சாப்பாடு அவரவர் நாக்கைப் பொறுத்தது. அத்தை சைவம் என்பதால் இறாலும் சிப்பியும் சேர்ந்த, தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ் போட்ட காத்தோங் லக்சாவை நான் மட்டும் சாப்பிட்டேன். வாழையிலைச் சாப்பாட்டில் அவர் இரண்டாம் முறை ரசம் கேட்டார்.

ஜூ சியாட்டின் காலை மிக அழகு. கேலாங் சிராய்ச் சந்தையில் மலாய்ப் பெண்கள் பலகாரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து தெற்கே நடந்தால் கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகள் வரிசையாக வருகின்றன. 2011இல் சிங்கப்பூரின் முதல் மரபுடைமை நகராக அறிவிக்கப்பட்ட இடம் அது. கூன் செங் சாலையில் எதிரெதிராக நிற்கும், மலாய்ப் பழக்கவழக்கங்கள் கலந்த சீன வழியினரான பெரனாக்கான்களின் வீடுகளின் பூவேலைத் தரையோடுகளையும் இளம்பச்சை, இளஞ்சிவப்புச் சுவர்களையும் அத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சிலோன் சாலைச் செண்பக விநாயகர் கோயிலில் இலங்கைத் தமிழர் வழிவந்த குடும்பங்கள் சில பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாம் பதினொன்றரைக்குள் முடிந்துவிட்டது.

பிறகுதான் வெயில் வந்தது. இந்த ஒப்பீட்டைத் தீர்மானித்தது நண்பகல் முதல் நான்கு மணி வரையுள்ள பொழுதுதான். பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே இருக்கிறோம். கடிகாரத்தை 1982 தொடக்கத்தில் அரைமணி முன்னே தள்ளிவைத்ததால் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய ஒரு மணிக்குத்தான். பன்னிரண்டு மணியோடு வெயில் இறங்கிவிடும் என்ற ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. சாப்பிட்டு எழும் நேரத்தில்தான் நிழல் காலடிக்குள் ஒடுங்குகிறது. கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைவழி வேண்டும் என்று, இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822லேயே நகர் அமைப்புக் குழுவுக்கு எழுதியது வெயிலையும் மழையையும் எண்ணித்தான். மலாயில் காக்கி லிமா, நமக்கு ஐந்தடிப் பாதை. ஆனால் கூன் செங் வீடுகளுக்கு முன்னால் ஐந்தடிப் பாதை கிடையாது, சிறு முற்றமும் கேட்டும்தான். மக்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. படியில்கூட உட்கார முடியாது, உட்காரவும் கூடாது. அத்தை உட்கார வேண்டும் என்றபோது நான் ஒரு காப்பிக்கடையைத் தேடினேன். ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்காகவே ஏதாவது வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். மூன்று மணிக்கு ஒரு பேரங்காடிக்குள் நுழைந்து குளிர்சாதனத்தில் உட்கார்ந்திருந்தோம். அதற்கு ஜூ சியாட் வரை வந்திருக்கத் தேவையில்லை.

தேக்காவில் அந்த நான்கு மணி நேரம் வேறு மாதிரிக் கழிந்தது. வீரமாகாளியம்மன் கோயிலில் நண்பகலில் நடை சாத்தினார்கள். அதற்கு முன்பே தரையில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாயிற்று. அடுத்து தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடம். கீழே மீனும் கறிவேப்பிலையும், மாடியில் புடவையும் தையற்கடைகளும், எல்லாம் ஒரே கூரையின் கீழ். உணவு மேசையில் எவ்வளவு நேரம் அமர்ந்தாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. கழிவறையைத் தேடி அலையவும் வேண்டியிருக்கவில்லை. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அங்கிருந்து கேம்பல் லேனுக்கு ஐந்து நிமிட நடை. இந்திய மரபுடைமை நிலையம் 2015இல் திறக்கப்பட்டது. படிக்கிணற்றின் சாயலில் அமைந்த முகப்பு இரவில் ஒளிரும். உள்ளே செட்டிநாட்டு வாசல் நிலை ஒன்று இருக்கிறது. அதன் செதுக்கல்களின் முன் அத்தை அரைமணி நேரம் நின்றார், வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. காரைக்குடிப் பக்கம் அவருடைய அம்மாவின் ஊர். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும்.

தேக்காவின் குறையையும் சொல்ல வேண்டும். ஐந்தடிப் பாதையில் பல இடங்களில் காய்கறிப் பெட்டிகளும் பூமாலை மேசைகளும் நிற்பதால் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வீடு தரை ஏறி இறங்குகிறது, முழங்காலுக்கு அது நல்லதல்ல. ஞாயிறு மாலை விடுப்பில் வரும் தொழிலாளர்களின் கூட்டம் நிறைந்திருக்கும். அந்த நாள் அவர்களுடையது. அவர்களுக்கு இடம் விட்டு நாம் சனிக்கிழமை போகலாம்.

மாலையில் ஜூ சியாட்தான் வெல்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் சாலையிலிருந்து கடல் இப்போது தள்ளிப் போய்விட்டது. மரின் பரேட் எழுந்து நிற்பது கடலைத் தூர்த்த நிலத்தில். ஆனாலும் விரைவுச்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை வழியாகக் கடற்கரைப் பூங்காவுக்குப் போய்விட்டால் ஆறு மணிக் காற்றுக்கு ஈடு இல்லை. முழங்கால் நன்றாக இருப்பவர்கள், அல்லது மூன்று மணிக்குமேல் கிளம்புகிறவர்கள் காத்தோங்கைத் தேர்ந்தெடுக்கலாம். மழை நாளில் அங்கே எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. நாங்கள் போன ஒரே நாளில் ஒரு துளிகூட விழவில்லை.

அடுத்த முறைக்கு அத்தையே வழி வகுத்துவிட்டார். காலை எட்டு மணிக்கு ஃபேரர் பார்க்கில் இறங்கிச் சீனிவாசப் பெருமாளைச் சேவித்துவிட்டு, சிராங்கூன் சாலை வழியாக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தெற்கே நடந்து, வெயில் ஏறுவதற்குள் தேக்காவின் கூரைக்குள் நுழைந்துவிட வேண்டுமாம். கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டப்பட்ட, சீன வணிகர் டான் டெங் நியாவின் வண்ண வீட்டை நாலரைக்குமேல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை, பக்கத்தில் பஃபலோ சாலை. ஒரே மாட்டுக்கு இரண்டு தெரு எப்படி வந்தது என்று கேட்டார். மாட்டு வணிகம் நடந்த இடம் என்றேன். "அப்படியானால் அங்கே கொஞ்சம் மெதுவாகவே நடப்போம்" என்றார்.